நின்று ஆக்காத ஒரு வேளை

சுவேதா அந்தப் பானையைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே விஜயகுமாரிக்கு அதைப் பிடிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வருகிற பிள்ளை, பெட்டியின் பாதி எடைக்கு ஒரு கறுப்புப் பீங்கான் பானையையா சுமந்துகொண்டு வரும்? பானைக்குக் கீழே கரண்டில் சூடாகிற ஒரு கூடு, மேலே கண்ணாடி மூடி, முன்பக்கம் ஒரே ஒரு திருகு. ஸ்லோ குக்கராம். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயந்தரம் வந்து சாப்பிடலாமாம். சுவேதா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி நாளெல்லாம் அவளுக்கு இந்தப் பானைதான் சோறு போடுகிறது என்றாள். நாள் பூராவும் வேகிற அளவுக்கு அதில் என்ன யானைக்கறியா ஆக்கப் போகிறோம் என்று தாய் கேட்டாள். மகள் திரும்பிப் போன மறுவாரமே கூட்டைப் பரணில் ஏற்றிவிட்டு, பானையில் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள். ஊறுகாய்க்கு அது நல்ல பானை, குறை சொல்ல முடியாது.

அந்தப் பானையை ஊறுகாயிடமிருந்து மீட்டது விஜயகுமாரியின் குதிகால்தான்.

அவளுக்கு அரியூரில் வேலை, படிக்கிற பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில். உறுவையாற்றில் பஸ் பிடித்து, வில்லியனூரில் மாறிப் போக வேண்டும். காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, சாம்பார் அண்டாவைக் கிண்டுவது, எல்லாமே நின்றுகொண்டு செய்கிற வேலை. பஸ்ஸிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அடுப்படி. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாராவது ஒருவாய் ஆக்கிப் போடக் கூடாதா என்று கேட்கலாம். யார் போடுவது? இருந்த ஒரே பெண் கடல் தாண்டிப் போய்விட்டாள். வீட்டுக்காரர் அரங்கநாதனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். வைத்ததில்லை.

குதிகால் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார். விஜயகுமாரி சிரித்துவிட்டாள். எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு வைத்தியம் முடிந்தது.

இதைப் போனில் கேட்ட சுவேதாதான், அந்தப் பானையை எடும்மா என்று பிடிவாதமாக நின்றாள். தான் செய்வதையே செய்யச் சொன்னாள். பேக்டு பீன்ஸ் என்று பெயர், அங்கே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். பன்றிக் கொழுப்பு போட்டு ஆக்குகிறவர்கள் உண்டு, இவள் ஆக்குவது அப்படியில்லை. இவள் வீகன் ஆகிவிட்டாள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய்கூடத் தொடுவதில்லை. முதன்முதலில் இதைக் கேட்டபோது அரங்கநாதன் போனை வாங்கி, மோருகூடவா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும், பிள்ளைக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று பல நாள் கவலையாக இருந்தார். ஆனால் இப்போது புரட்டாசி மாதம். அவர் பெருமாளுக்கு விரதம். நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் இந்த மாதம் இந்தத் தெருப்பக்கமே திரும்புவதில்லை. ஆகவே மகளின் சாப்பாடு அப்பாவின் விரதத்துக்கு அச்சாகப் பொருந்திவிட்டது.

செய்முறை சுலபம்தான். வெள்ளை ராஜ்மாவை முதல் நாளே ஊறப்போட வேண்டும். காலையில் அதை அடுப்பில் வைத்து, ஊதினால் தோல் உரிகிற பதத்துக்குத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். அப்புறம் வெங்காயம், தக்காளி விழுது, வெல்லம், கடுகுப்பொடி, மிளகாய்த்தூள், துளி புளிக்கரைசல், உப்பு, கடலை எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பானையில் கொட்டி, மூடி, திருகைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. திறக்கக் கூடாது, கிண்டக் கூடாது, பார்க்கவே கூடாது என்றாள் சுவேதா. திறந்தால் சூடு போய்விடுமாம்.

காலையில் எப்படியும் டிபனுக்காக நிற்கத்தான் வேண்டும். பக்கத்து அடுப்பில் பயறும் கொதித்துவிட்டுப் போகட்டும். சாயந்தரம் நிற்காமல் இருந்தால் போதும். விஜயகுமாரிக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்து, தான் நின்று ஆக்காத ஒரு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். ருசி எப்படி இருந்தாலும் சரி.

விஜயகுமாரி கூட்டைப் பரணிலிருந்து இறக்கி, ஊறுகாயை ஜாடிக்கு மாற்றி, பானையைச் சாம்பல் போட்டு விளக்குவதைப் பார்த்து எதிர்வீட்டுக் காசம்மாள் வந்து உட்கார்ந்தாள். விவரம் கேட்டதும் அவளுக்கு ஆறவில்லை.

"குக்கர்ல நாலு விசில் வுட்டா வெந்துடுது. அதுக்கு எதுக்குடி ஒரு பகலு?"

"விசில எண்ண ஒரு ஆளு நிக்கணும் இல்லக்கா."

காசம்மாள் இன்னொரு பிடி சாம்பலை எடுத்துக் கொடுத்தாள். அவளும் நின்று காலம் தள்ளியவள்தான்.

மறுநாள் விடிகாலையில் எல்லாம் மகள் சொன்னபடியே நடந்தது. பானை மேடையின் மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. கிளம்பும்போது விஜயகுமாரி அரங்கநாதனிடம், அதைத் தொடாதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் பல் துலக்கிக்கொண்டே தலையாட்டினார்.

அன்றைக்கு ஹாஸ்டலில் அவள் வேறு ஆளாக இருந்தாள். சப்பாத்தி மாவை உருட்டும்போதெல்லாம் வீட்டு மூலையில் அந்தப் பானை அவளுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. அவள் இல்லாமல் ஒன்று வேகிறது. அவள் கிண்டாமல், உப்புப் பார்க்காமல், தீயைக் குறைக்காமல் வேகிறது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சேதி அவள் கேட்டதில்லை. குதிகால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

திரும்பும்போது வில்லியனூரில் இறங்கி ஷரீப் பாய் கடையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கினாள். ராஜ்மாவும் அவர் கடையில் வாங்கியதுதான். அரியூரில் படிக்கிற வடக்கத்திப் பிள்ளைகளுக்காக அவர் அதை வைத்திருப்பார். காய்ச்சலா யாருக்காவது என்று ரொட்டியைக் கட்டிக்கொண்டே பாய் கேட்டார். இந்தப் பக்கத்தில் ரொட்டி வாங்கினால் அப்படித்தான் கேட்பார்கள். இல்லை பாய், சும்மா என்றாள்.

கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வாசனை இல்லை.

வீடு இருட்டாக இருந்தது. சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அரங்கநாதன் வீட்டை விட்டுக் கிளம்பினால் மெயினை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவார். நேற்று இன்றைக்கு வந்த பழக்கமில்லை. கூரை வீடாக இருந்த காலத்தில் அவருடைய அண்ணன் இருசப்பன் வீடு ஒயரில் பொறி பறந்து, விதை நெல்லோடு எரிந்து போயிற்று. அன்றையிலிருந்து ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் ஓடக் கூடாது என்பது இவருக்குச் சட்டம். கூரை போய் ஓடு வந்தது, ஓடு போய் மாடி வந்தது, கை மட்டும் மாறவில்லை. செருப்பை மாட்டும், துண்டை உதறும், மெயினை இறக்கும். எல்லாம் ஒரே அசைவு. ஆசையாக வாங்கிய பிரிட்ஜ் பகலில் வெறும் அலமாரி. அதில் வைத்த தயிர் புளிக்காத நாளில்லை. இத்தனை வருஷம் புளித்த தயிரைச் சாப்பிட்டவளுக்கு, கரண்ட் பானையைப் பூட்டின வீட்டில் விட்டுப் போகக் கூடாது என்று தோன்றாமல் போய்விட்டது. மகள் வீட்டுச் சமையலை மகள் வீட்டு யோசனையோடேயே செய்துவிட்டாள்.

மெயினைத் தூக்கிவிட்டு மூடியைத் திறந்தாள். ஓரமெல்லாம் நுரை கட்டி, புளித்த வாடை அடித்தது. மத்தியானம் கழனியிலிருந்து சாப்பிட வந்த மனுஷர் காற்றாடிக்காகக் கொஞ்ச நேரம் மெயினைத் தூக்கியிருப்பார், அப்போது பானையும் கொஞ்சம் சூடாகியிருக்கும், பாவம். தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். மகள் தொடமாட்டேன் என்கிற பாலைக் கறக்கிற அதே மாடு, மகளுடைய சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் தின்றது.

அரங்கநாதன் வந்து கை கால் கழுவிவிட்டு டி.வி.யைப் போட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, "இன்னா, இன்னும் சோறு ஆவலியா?" என்றார்.

சண்டை போடலாம். சண்டைக்கும் நிற்க வேண்டும், தெம்பு வேண்டும். விஜயகுமாரி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள், ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள். அப்பளம் ஒன்று கருகிவிட்டது, அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். அவருக்கு முதலில் போட்டுவிட்டு, ஒருவழியாகத் தன் தட்டோடு சுவரோரம் உட்கார்ந்தாள். ரசத்தில் உப்புக் கம்மி. அவர் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. தலையை மட்டும் நிமிர்த்திப் பார்ப்பார். நிமிர்ந்து பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் உப்பு கொண்டுவந்து வைத்தாள்.

மறுபடி உட்காரும்போது குதிகாலிலிருந்து ஒரு வலி முழங்கால் வரைக்கும் ஏறியது. அழுகை வந்துவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை.

"கால் வலிக்குதா?" என்று கேட்டார் அரங்கநாதன்.

"மெயின எறக்கிட்டுப் போயிட்டீங்க."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. மேடை மூலையைப் பார்த்தார், கவிழ்த்து வைத்த பானையைப் பார்த்தார், சாப்பிடுவதை நிறுத்தினார். நான் தொடவே இல்லையே என்றார். அது உண்மைதான். பானையை அவர் தொடவில்லை.

"நான் நின்னு ஆக்காம ஒரு வேள துன்னணும்னு ஆசப்பட்டேன். வேற ஒண்ணும் இல்ல." முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சாதத்தைப் பிசைந்தாள். அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

சில நாள் பானை கவிழ்ந்தே கிடந்தது. ஊறுகாயையே திருப்பிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். சுவேதா போனில் கேட்டபோது, நன்றாக இருந்தது என்று சொல்லிவைத்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லை, தவிர அந்தக் கதையைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அரங்கநாதன் தாமாகவே, மீதி இருக்கிற அந்த வெள்ளைப் பயற்றைப் போடவில்லையா என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள். மெயினை இறக்க மாட்டேன் என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு திடம் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று ராத்திரி ஊறப்போட்டாள். காலையில் கொதிக்கவைத்து, எல்லாம் சேர்த்து, மூடித் திருகினாள். இந்தத் தடவை சந்தோஷப்படவில்லை. ஹாஸ்டலில் பானையை நினைக்கவும் இல்லை. கோஸ் நறுக்கினாள், நறுக்கினாள், நறுக்கிக்கொண்டே இருந்தாள். மெஸ் மேஸ்திரி அம்மா ஒரு தடவை உட்காரேன் என்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். ரொட்டி மட்டும் வாங்கினாள். பாய் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துக் காய்ச்சல்தான் என்று முடிவு கட்டியிருப்பார்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் காசம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இன்னாடி ஆச்சு உன் வூட்டுக்காரருக்கு? காலையிலேர்ந்து கழனிக்கே போவல. மோட்டார் முறைய எங்க வூட்டு ஆள எடுத்துக்கச் சொல்லிட்டாரு. பொணத்துக்குக் காவல் இருக்கறாப்புல வூட்டுக்குள்ளயே குந்திக்கினு இருக்குறாரு."

நட்டு இன்னும் வேர் பிடிக்காத நாற்று. அதற்குத் தண்ணீர் விடுகிற முறையை அவர் காய்ச்சலில் படுத்தால்கூட விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. நெஞ்சு வலியோ என்னவோ என்று விஜயகுமாரி நினைத்தாள். குதிகாலை ஊன்றியும் ஊன்றாமலும் தெருவில் வேகமாக நடந்தாள். பாதித் தெருவிலேயே வாசனை வந்து முகத்தில் மோதியது. வெல்லமும் தக்காளியும் கடுகும் கலந்து, நன்றாகச் சுண்டிய வாசனை.

அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அரங்கநாதன் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. கண் பானை மேல். அவள் உள்ளே வந்ததும், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல, ஒரு தரம்கூடத் திறக்கவில்லை என்றார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வரப்பு வரைக்கும் போனாராம். மெயின் தூக்கியிருக்கிறது என்ற நினைப்பில் கால் மேலே நடக்கவில்லையாம். திரும்பி வந்துவிட்டாராம். இறக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தவர்தான்.

"இடுப்பு வுட்டுப்போச்சி," என்றார். "வெளிய போவ முடியல, படுக்க முடியல. செத்த கண்ண மூடுனா அது கொதிக்கற சத்தம் கேக்குது. நாள் பூரா ஒரு அடுப்புக்குக் காவல் கெடக்கறதுக்கு நாலு காணி நாத்து நட்டுட்டு வந்துடலாம். இன்னாடி வேல இது."

கேலியாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். விஜயகுமாரி அவரையே பார்த்தாள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். தரை சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மெதுவாக, "சோறு?" என்றார்.

"ரொட்டி இருக்குது."

"எனக்கு இன்னா காய்ச்சலா?"

"அப்ப ஒல வையிங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு உள்ளே போனார். டப்பா மூடி ஒன்று திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது. ஏதோ உருண்டது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"அரிசி எதுல இருக்குது?"

அந்த நெல்லுக்கு உழுதவர் அவர். நாற்று விட்டவர், ராத்திரியில் எழுந்து போய்த் தண்ணீர் கட்டியவர், மூட்டையை முதுகில் தூக்கி மில்லுக்குக் கொண்டுபோய் அரிசியாக்கி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து போட்டவர். வாசலுக்கு அந்தப் பக்கம் அந்த அரிசி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. தட்டுக்கு வரும்போதுதான் மறுபடியும் பார்ப்பார். கோபப்படுவதா, பாவம் என்று நினைப்பதா என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை.

கை தானாகவே தரையில் ஊன்றியது, முழங்கால் மடங்கியது. எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டால் ஒரு நிமிஷத்து வேலை. மெயினை இறக்குகிற அவருடைய கையைப் போலத்தான் அவளுடைய காலும். அதைக் கவனித்துவிட்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், காலை மறுபடியும் நீட்டினாள்.

"மேடைக்குக் கீழ, நீல டிரம்மு," என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

டிரம் இழுபடுகிற சத்தம் கேட்டது. எத்தனை டம்ளர் போடுவது, தண்ணீர் எந்த அளவு என்று அடுத்தடுத்துக் கேள்வி வந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே சத்தமே இல்லை. இன்னும் அரைமணி நேரம் அடுப்பண்டை நிற்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சோற்றை விட்டுவிட்டு வெளியே வந்தவர் கையில் இரண்டு தட்டு இருந்தது. அவள் பையிலிருந்து ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துப் பிரித்தார். திரும்ப உள்ளே போய்ப் பானை மூடியைத் திறந்ததும் வீடு பூராவும் ஆவி வாசனை பரவியது. பயறு பளபளவென்று சிவந்து, குழம்பு கெட்டியாக இருந்தது. ஒரு தட்டில் ரொட்டியை வைத்து, அதன் மேலேயே கரண்டியால் ஊற்றி, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"உனக்குத்தான் ஒடம்பு முடியல. துன்னு," என்றார்.

தமக்கும் போட்டுக்கொண்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். ரொட்டித் துண்டைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தார்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். சூடாக இருந்தது. பயறு நாக்கில் வைத்ததும் கரைந்தது. இனிப்பு முதலில் வந்தது, பின்னால் கடுகின் காரம். பழக்கமில்லாத ருசிதான், ஆனாலும் விழுங்கிவிட்டு உடனே அடுத்த வாயை எடுத்தாள். அவள் நிற்காமல் வெந்தது. யாரோ ஒருத்தர் அதற்காக ஒரு பகல் காத்துக் கிடந்திருக்கிறார். மூன்றாவது வாயில்தான் தெரிந்தது, உப்புக் கம்மி.

விஜயகுமாரி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

அரங்கநாதன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.